எங்கள் வீட்டுத் தண்ணீரும் நாற்பத்திரண்டு நாளும்

1

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை, குப்பைத் தொட்டியை வெளியே வைக்கலாம் என்று கதவைத் திறந்தால், கைப்பிடியில் ஆரஞ்சு நிறத்தில் ஓர் அட்டை தொங்குகிறது. நகராட்சிக்காரர்கள் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்திருக்கிறதாம், சரிசெய்கிறார்களாம், மறு அறிவிப்பு வரும் வரை தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டுமாம். கீழே, எழுத்தைவிடப் படத்தை நம்புகிற என்னைப் போன்றவர்களுக்காக, ஆவி பறக்கும் பாத்திரம் ஒன்று வரைந்திருந்தது.

கனடாவின் நடுவில், கோதுமை வயல்களுக்கு மத்தியில் இருக்கும் இந்தச் சிறு நகரத்தில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். இந்த ஊர்க் குழாயில் நேராக வாய் வைத்துக் குடித்திருக்கிறேன். ஒருநாளும் அந்தத் தண்ணீரைப் பற்றி யோசித்ததில்லை. அன்று மட்டும் அட்டையை மூன்று முறை படித்தேன். காரணம், அன்று எனக்கு முப்பத்தாறாவது நாள்.

ஊரில் இருப்பவர்களுக்கு முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நெய்வேலியில் என் அக்கா மகள் பிரியா நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறாள். பிப்ரவரியில் நான் அங்கே போயிருந்தபோது, என் பேச்சைக் கேட்டு, மூன்று நாள் காய்ச்சாத தண்ணீரைக் குடித்தாள். அது நல்ல தண்ணீர் இல்லை என்று பிறகு தெரிந்தது. தெருவில் ஏற்கெனவே இரண்டு பேருக்கு மஞ்சள் காமாலை. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு அது வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. ஆறு வாரம் கண்ணைக் கவனிக்கச் சொன்னார் டாக்டர். ஆறு வாரம் என்றால் நாற்பத்திரண்டு நாள்.

ஆகவே, முப்பத்தாறாவது நாளில் என் கதவில் தண்ணீரைப் பற்றி அட்டை தொங்கினால் நான் என்ன செய்வேன்? வீட்டில் இருந்த அத்தனை பாத்திரத்தையும் அடுப்பில் ஏற்றினேன். குக்கர், இட்லிப் பானை, பொங்கலுக்கு மட்டும் எடுக்கும் பித்தளை உருளி. குளித்துவிட்டு வந்த என் மனைவி கலா, ஆவிக்குள் நின்ற என்னைப் பார்த்துவிட்டு, “என்ன இது, யாருக்காவது பிரசவமா?” என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வந்து ஓர் அடுப்பை அணைத்தாள்.

பக்கத்து வீட்டு டேவ் என்பவரிடம் அட்டையைக் காட்டினேன். எழுபது வயது, டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவர். “காபி போட்டால் கொதித்துவிடுமே” என்று சொல்லிவிட்டு வாசல் பனியை அள்ளப் போனார். இந்த ஊர்க்காரர்களுக்குச் சரியாகப் பயப்படத் தெரியவில்லை. சொல்லிக்கொடுக்கலாம் என்றால் என் ஆங்கிலம் அதற்குப் போதாது.

என் மகள் யாழினி, பதினாறு வயது, காதில் இயர்போனோடு இறங்கி வந்தாள். அடுப்புகளைப் பார்த்தாள். “அப்பா, நிஜமா கொதிச்சுதா, இல்ல சும்மா சூடு பண்ணீங்களா?” என்று கேட்டாள். “கொதித்தது” என்றேன். ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

2

பிரியாவின் வளைகாப்புக்காகத்தான் போயிருந்தேன். தாய்மாமன் என்பது ஊரில் நான் வகிக்கும் ஒரே பதவி. அதையும் போன் வழியாகவே வகித்து வந்தவன், இந்த முறை நேரில் வந்து பொறுப்பேற்றுக்கொள்வதாக அறிவித்திருந்தேன். கலாவுக்கு லீவு கிடைக்கவில்லை. யாழினியை அழைத்துக்கொண்டு போனேன்.

அக்கா விஜயாவும் நானும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். அக்கா வீட்டுக்காரர் கோதண்டம் மாமா சுரங்கத்தில் பம்ப் செக்‌ஷனில் ஷிப்ட் பார்த்தவர். நெய்வேலியில் கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கரியை வெட்ட முடியும். அப்படி ஆயுசு பூராவும் தண்ணீரை மேலே ஏற்றியவர், ரிடையர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபின், டவுன்ஷிப்புக்கு வெளியே முத்தாண்டிக்குப்பம் போகிற வழியில் ஒரு புது நகரில் வீடு கட்டினார். அங்கே தெருக் குழாயில் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். அதை வாசலோரம் தரைக்குக் கீழே இருக்கும் சம்ப்புத் தொட்டியில் பிடித்து, மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். குடிக்க, குளிக்க எல்லாம் அதுதான். விடிந்ததும் மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாய் முன்னால் நிற்பார்.

“ரிடையர் ஆனப்புறமும் உங்கள விடலியா மாமா தண்ணி?” என்றேன்.

“அங்க அது வராம இருக்கணும்னு நின்னுக்கினு இருந்தேன். இங்க வரணும்னு நின்னுக்கினு இருக்கேன். அவ்ளோதான் வித்தியாசம்.”

வளைகாப்பு நன்றாக நடந்தது. இருநூறு பேர் சாப்பிட்டார்கள். தாய்மாமன் என்ற முறையில் நான் தோளில் துண்டு போட்டுக்கொண்டு இங்குமங்கும் கை நீட்டிக்கொண்டிருந்தேன். பந்தல்காரருக்கு இடம் காட்டினேன், சமையல்காரருக்கு இடம் காட்டினேன், பாத்திரம் கழுவ வந்த அம்மாக்களுக்கு இடம் காட்டினேன். மேடிட்ட வயிற்றோடு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு இரண்டு கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்த பிரியா, “மாமா, நீங்க டிராஃபிக் போலீஸ் மாதிரியே இருக்கீங்க” என்று சிரித்தாள்.

யாழினி அவளை ஒட்டியே உட்கார்ந்திருந்தாள். வீட்டில் எனக்குக் கிடைக்காத பேச்செல்லாம் அங்கே பிரியாவுக்குக் கிடைத்தது. மரியாதை விகுதி மட்டும் அவள் தமிழில் அப்பா அம்மாவோடு நின்றுவிட்டது. மாமாவைப் பார்த்து, “நீ சாப்டியா?” என்பாள். மாமாவுக்கு அதில் அப்படியொரு சந்தோஷம். “என்னை இப்புடிக் கேக்க எங்கம்மா போனப்புறம் ஆளே இல்ல” என்பார்.

3

வளைகாப்பு முடிந்த இரண்டாம் நாள் மூலை வீட்டு டீச்சருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது என்றார்கள். மறுநாள் எதிர்வரிசைத் தையல்கடைக்காரருக்கு. தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஓட்டல் சாப்பாடு, வெயில், கல்யாண வீட்டு ஐஸ். யாரோ தண்ணீர் என்றார்கள். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும். செல்போனை எடுத்து, மஞ்சள் காமாலை என்று தட்டி, பக்கத்திலேயே கர்ப்பிணி என்றும் தட்டினேன். அப்படித் தட்டியிருக்கக் கூடாது. வந்ததை இங்கே எழுத மாட்டேன். படித்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே பிரியா உப்பு மிளகாய்த்தூள் தொட்டுக் கொய்யாக்காய் கடித்துக்கொண்டிருக்கிறாள். ஓடிப்போய் அதைப் பிடுங்கி மறுபடி கழுவினேன். கழுவிய பிறகுதான் அதே தண்ணீரில் கழுவியது ஞாபகம் வந்தது. தூக்கி எறிந்தேன்.

“அக்கா, தண்ணியக் குடுத்து டெஸ்ட் பண்ணணும்.”

“என்னாத்துக்கு? நாங்க காய்ச்சித்தான குடிக்கிறோம்.”

“இருந்தாலும்.”

“அங்க வேல கம்மியாடா உனக்கு? இங்க வந்து எங்களுக்கு வேல வெக்கிற.”

மாமா பேப்பரை இறக்கினார். “உன் தம்பி வந்தா ஒண்ணு பிளம்பர் வரணும், இல்லாட்டி எலக்ட்ரீஷியன் வரணும். இந்த வாட்டி லேப்புக்காரன்.”

கடலூரில் தண்ணீரைச் சோதித்துத் தரும் லேப் இருக்கிறது. பஸ் பிடித்துப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஓர் அம்மா படிவத்தை நீட்டினார். எழுதிக் கொடுத்தேன். பார்த்தார், மறுபடி பார்த்தார்.

“சார், இது என்னாங்க பின்கோடு? நடுநடுவுல எழுத்தெல்லாம் வருது.”

“சாரி மேடம். பழக்க தோஷம். அது எங்க ஊரு.”

“அப்ப தண்ணி எந்த ஊரு?”

“அதுவும் எங்க ஊருதான்.”

“ரெண்டுல ஒண்ண முடிவு பண்ணி எழுதுங்க சார். ஒரு கட்டந்தான் இருக்கு.”

இருபத்திரண்டு வருடமாக என்னை யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. கனடா பின்கோடை அடித்துவிட்டு நெய்வேலி பின்கோடை எழுதினேன். ஆறாவது எண் உடனே ஞாபகம் வரவில்லை. அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

பழுப்புக் காகிதத்தில் சுற்றிய, கிருமி நீக்கிய பாட்டில் ஒன்றைக் கொடுத்தார். தண்ணீர் பிடிக்கும்வரை திறக்கக் கூடாது, மூடியின் உட்புறம் விரல் படக் கூடாது, குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும், ஐஸில் வைத்துச் சீக்கிரம் கொண்டுவர வேண்டும். இரண்டு முறை சொன்னார். நான் மூன்று முறை தலையாட்டினேன்.

மறுநாள் காலை சமையலறைக் குழாயின் வாயைத் தீக்குச்சியால் சுட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆபரேஷன் செய்கிற மாதிரி தண்ணீர் பிடித்தேன். யாழினி அதை வீடியோ எடுத்தாள், தோழிகளோடு சேர்ந்து சிரிப்பதற்கு. பாட்டிலை மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் அக்கா அதைக் காகிதத்தில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, ஐஸ் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தாள். “கெளம்பு, எட்டே கால் பஸ் போயிடும்” என்றாள். அக்காவின் அக்கறையை மெச்சிக்கொண்டே போனேன்.

4

ரிப்போர்ட் வந்தது. கிருமி ஏதும் இல்லை. குடிப்பதற்கு ஏற்றது.

என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு இப்படி ஒரு காகிதம் கிடைத்தால் என்ன ஆகும் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதைப் படமெடுத்துத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ‘நம் தெருத் தண்ணீர் சுத்தமானது. அறிவியல் பூர்வமாக நிரூபிக்கப்பட்டது. வதந்திகளை நம்ப வேண்டாம்’ என்று எழுதினேன். வதந்தியை முதலில் நம்பியவன் நான் என்பதை எழுதவில்லை. சாயங்காலம் வாசலில் நாலு பேர் கூடினார்கள். அவர்கள் முன்னால் குழாயிலிருந்து ஒரு சொம்பு பிடித்து அண்ணாந்து குடித்தேன். ஒருவர் கைதட்டினார்.

உள்ளே வந்து அக்காவிடம், “இனிமே காய்ச்சி காய்ச்சி கேஸ வீணாக்காத” என்றேன்.

“பழக்கமாயிடுச்சிடா. காய்ச்சாம குடுக்க மனசு வரல.”

“உன் மனசு பெருசா, ரிப்போர்ட்டு பெருசா?”

அக்கா பிரியாவைப் பார்த்தாள். பிரியா ஏற்கெனவே டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தாள். “குடும்மா. காய்ச்சின தண்ணி குடிச்சிக் குடிச்சி நாக்கே செத்துக் கெடக்குது. மாமா வந்ததுல இதான் ஒரு நல்ல காரியம்.”

மூன்று நாள். தாகம் எடுத்தபோதெல்லாம் பச்சைத் தண்ணீரைக் குடித்தாள். சில்லென்று இருக்கிறது, மண்வாசனை இருக்கிறது என்றாள். நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

5

மூன்றாம் நாள் மாலை பக்கத்து வீட்டு சரோஜா கறிவேப்பிலை கேட்டு வந்தார். அக்கா கூடத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தாள். நான் சோபாவில் இருந்தேன். பிரியா கையில் டம்ளர்.

“ஏன்க்கா, உங்க வூட்டுத் தண்ணி மட்டும் எப்புடிக்கா அவ்ளோ சுத்தம்? எங்க வூட்ல புடிச்சி வெச்சா அடியில மண்ணு நிக்கிது.”

அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “சும்மா வருமா? இவன் பச்சத் தண்ணியப் புடிச்சி அப்படியே வெச்சிட்டுக் குளிக்கப் போயிட்டான். கவர்மென்ட்டு ஆபீசுக்குப் போறது, நாலு பேரு பாக்கறது, அப்படியேவா அனுப்பறது? அதக் கீழ கொட்டிட்டு, காய்ச்சி ஆற வெச்சது இருந்துதுல்ல, துணியில வடிகட்டி அதுல ஊத்திக் குடுத்தேன். ரிப்போர்ட்டு எப்படி வந்திருக்கு பாத்தியா?”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. எழுந்து போய்ப் பிரியாவின் கையிலிருந்த டம்ளரை வாங்கினேன். பாதிதான் இருந்தது.

“அக்கா, என்ன செஞ்சிருக்க தெரியுமா?”

“என்னா செஞ்சேன்?”

“டெஸ்ட்டு பண்ண வேண்டிய தண்ணியக் கொட்டிட்டுக் காய்ச்சின தண்ணியக் குடுத்தியா?”

அக்கா பூவைக் கீழே வைத்தாள். “ஏன்டா, குடிக்கிற தண்ணி நல்லாருக்கான்னுதான டெஸ்ட்டு? நாங்க காய்ச்சின தண்ணியத்தான குடிக்கிறோம்? நாங்க குடிக்கறதத்தான் குடுத்தேன். காய்ச்ச வாணாம்னு சொன்னது நீதான?”

அவள் தன் வீட்டுத் தண்ணீரைச் சரியாகத்தான் சோதித்திருந்தாள். தப்பான விடையை எடுத்தவன் நான். அவளுடைய பழக்கம் அந்த வீட்டில் எல்லாரையும் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியதும் நான்.

பிரியா வயிற்றில் கை வைத்துக்கொண்டு, “மாமா, இப்ப எனக்கு என்னா ஆவும்?” என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாழினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அக்கா அடுப்படிக்குப் போய்த் தண்ணீரை ஏற்றினாள். நான் செருப்பைத் தேடினேன்.

“எங்க போற?”

“தெருவுல சொல்லணும். என் ரிப்போர்ட்டப் பாத்துட்டு எத்தன வூட்ல காய்ச்சறத நிறுத்தினாங்களோ.”

“வாட்ஸ்அப்புல அழிச்சிடு, போதும். விஜயா காய்ச்சி அனுப்பினாளாம்னு ஊரே சிரிக்கும்டா. மானம் போவும்.”

வாசலில் உட்கார்ந்திருந்த மாமா எழுந்து வந்தார். “போயி சொல்லிட்டு வா தம்பி” என்றார். “சுரங்கத்துல பம்ப் நின்னா, நின்னுபோச்சின்னு கத்தணும். யார் நிறுத்தினாங்கன்னு அப்புறம் பாத்துக்கலாம்.”

வீடு வீடாகப் போனேன். எல்லா இடத்திலும் ஒரே வாக்கியம்: “அது காய்ச்சின தண்ணியோட ரிப்போர்ட்டுங்க, தயவுசெஞ்சி காய்ச்சியே குடிங்க.” சில வீடுகளில் சிரித்தார்கள். சில வீடுகளில் சிரிக்கவில்லை. தையல்கடைக்காரர் கீழாநெல்லி அரைத்த டம்ளரோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப எங்க தண்ணி நல்லதா கெட்டதா?” என்றார். “தெரியாதுங்க” என்றேன். அவர் மஞ்சள் கண்ணால் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வெளிநாட்டுல என்னா வேல பாக்கறீங்க?”

நான் விவசாய இயந்திரத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். அவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

“தரக்கட்டுப்பாடு.”

“சரிதான்” என்றார்.

6

மறுநாள் இரண்டு பாட்டில். ஒன்று தெருக் குழாயில் பிடித்தது, இன்னொன்று எங்கள் சமையலறையில். பிடித்த நிமிடத்திலிருந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா அந்தப் பக்கம் வந்தாலே கையை வைத்து மூடினேன். “நான் ஒண்ணும் தொட மாட்டேன், போடா” என்றாள். சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டாள்.

கண்ணாடி அம்மாவுக்கு என்னை நினைவிருந்தது. “மறுபடியுமா? போன ரிப்போர்ட்டு நல்லாத்தான சார் இருந்துச்சி?”

“அது எங்க அக்காவோட ரிப்போர்ட்டுங்க. இது வீட்டோடது.”

தெருக் குழாய்த் தண்ணீர் சுத்தமாக இருந்தது. எங்கள் வீட்டுத் தண்ணீரில் கிருமி இருந்தது. டீச்சருக்கும் தையல்காரருக்கும் எதனால் வந்தது என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

மாமா சம்ப்பு மூடியைக் கடப்பாறையால் நெம்பித் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தார். மூடி உட்காரும் விளிம்பில் சிமென்ட் பெயர்ந்து ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. அதிலிருந்து உள்சுவரில் மஞ்சளாக ஒரு தாரை இறங்கியிருந்தது. சாம்பார். அதன் மேல் காய்ந்துபோன சோற்றுப் பருக்கைகள். வளைகாப்பு அன்று இருநூறு பேர் சாப்பிட்ட பாத்திரத்தை அங்கே வைத்துக் கழுவியிருக்கிறார்கள். கழுவின தண்ணீர் கால் அழுக்கோடு சேர்ந்து உள்ளே போயிருக்கிறது.

“இங்க கழுவச் சொன்னது யாரு?” என்றார் மாமா.

துண்டு போட்டுக்கொண்டு கை நீட்டிய போலீஸ்காரன் ஒருவன்தானே.

“நான்தான் மாமா.”

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். “தொடப்பத்த எடு” என்றார். இரண்டு பேரும் உள்ளே இறங்கி, தண்ணீரை முழுக்க இறைத்து, சுவரைத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டோம். இறைக்கும்போது அவர் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

பிரியாவைப் பார்க்கும் டாக்டரிடம் குடும்பமாகப் போய் உட்கார்ந்தோம். பிரியாவின் பையைத் தூக்கிக்கொண்டு யாழினியும் வந்திருந்தாள். டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்தார்.

“இதுல இருக்கற கிருமி வேற, காமாலை வேற. ஆனா இது உள்ள வந்த வழியில அதுவும் வந்திருக்கலாம். வந்திருக்கும்னு சொல்லல. தெருவுல ரெண்டு பேருக்கு இருக்குன்றீங்க, அதனால சொல்றேன்.”

“ரத்தம் டெஸ்ட் பண்ணிடலாமா டாக்டர்? இப்பவே?” நான் கையை நீட்டினேன், யாரோ என்னிடம் ரத்தம் கேட்ட மாதிரி.

“இப்ப எடுத்தா ஒண்ணும் தெரியாது சார். பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள்ள தெரிஞ்சிரும். தினமும் வெளிச்சத்துல கண்ணப் பாருங்க. வெள்ளை வெள்ளையா இருக்கணும். காய்ச்சல், வாந்தி, யூரின் மஞ்சளா போறது, எது வந்தாலும் உடனே இங்க வரணும். அந்தத் தண்ணியக் குடிச்ச எல்லாருக்கும்தான் சொல்றேன்.”

வெளியே வந்ததும் அக்கா பிரியாவின் கீழ் இமையை விரலால் இழுத்து வெயிலில் பார்த்தாள். அதுதான் முதல் நாள்.

7

நான் திரும்பி வந்துவிட்டேன். லீவு முடிந்தால் வேலைக்குப் போக வேண்டும், அக்கா மகளுக்குக் காமாலை வருமா என்று பார்த்துக்கொண்டிருக்க லீவு கேட்டால் அதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. எனவே தினமும் காலை ஏழு மணிக்கு, அங்கே சாயங்காலம், வீடியோவில் அழைப்பேன். வணக்கம் கிடையாது, சௌக்கியமா கிடையாது.

“கண்ணக் காட்டு.”

பிரியா போனைக் கிட்டத்தில் கொண்டுபோய் இமையை இழுத்துக் காட்டுவாள். என் திரை முழுக்க ஒரு கண். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாக் கண்ணும் மஞ்சளாகத்தான் தெரிகிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. “வாசலுக்கு வா” என்பேன். வாசலில் சாயங்கால வெயில், அதுவும் மஞ்சள். பத்தொன்பதாம் நாள் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, “அக்கா, ஆட்டோ கூப்பிடு” என்று கத்தினேன். அவள் மஞ்சள் நைட்டி போட்டிருந்திருக்கிறாள். அந்த நிறம் கன்னத்தில் அடித்திருக்கிறது. அதன்பிறகு அக்கா வீட்டில் மஞ்சள் துணி கட்டுவதற்குத் தடை. இருபத்தாறாம் நாள் பிரியாவுக்கு லேசாகக் காய்ச்சல். அன்று வேலையிடத்தில் மூன்று இயந்திரங்களில் நான் கையெழுத்துப் போடவே இல்லை, மேலாளர் வந்து கேட்டபோது தமிழில் பதில் சொல்லியிருக்கிறேன். மறுநாள் தும்மல் வந்தது, வெறும் சளி.

அக்கா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அழைப்புக்கு நேரமாகிவிட்டால் அவளே குரல் செய்தி அனுப்புவாள்: “இன்னிக்கும் வெள்ளதான்டா.” அவ்வளவுதான். அதைப் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து இரண்டு முறை கேட்டுவிட்டு உள்ளே போவேன்.

இந்த ஆறு வாரத்தில் என் வீட்டில் வேறு என்ன நடந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யாழினியின் அறைக் கதவு மூடியே இருந்தது. சாப்பிடும் நேரம் மாறிப்போயிற்று. எது கேட்டாலும் ஒரு சொல்லில் பதில். இந்த வயதில் இங்கே பிள்ளைகள் அப்படித்தான் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்லியிருந்ததால், சரி, அந்தக் கட்டம் வந்துவிட்டது போலும் என்று விட்டுவிட்டேன். கதவைத் தட்டினால் பிடிக்காது என்றும் சொல்லியிருந்தார்கள்.

வாசலில் தொங்கிய ஆரஞ்சு அட்டை வியாழக்கிழமை பச்சை அட்டையாக மாறியது. குழாய் சரியாகிவிட்டது, இனி கொதிக்கவைக்க வேண்டாம். அந்தக் காகிதத்தை நான் நம்பவில்லை. ஞாயிறு வரை கொதிக்கவைத்தேன்.

8

திங்கட்கிழமை நாற்பத்திரண்டு. ஏழு மணிக்கு அழைத்தேன். பிரியா வாசலில் தயாராக நின்றாள், வெள்ளைப் புடவைத் துணியை முகத்துக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு அக்கா. இமையை இழுத்தாள். வெள்ளை. இன்னொரு கண். வெள்ளை. முகத்தைத் திரையிலிருந்து திருப்பிக்கொண்டேன்.

“காலையில டாக்டர்கிட்டயும் காட்டிட்டோம்டா” என்றாள் அக்கா. “ரத்தமும் பாத்துட்டாங்க. ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. அழுவாத. அழுதினா இங்கயே போன வெச்சிடுவேன்.”

“நான் எங்க அழுதேன்? இங்க குளிரு.”

“ஆமா, வூட்டுக்குள்ள குளிரு.”

பிரியா சிரித்தாள். பிறகு முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்தாள். “மாமா, யாழினி எப்படி இருக்கா?”

“அவளுக்கென்ன, நல்லா இருக்கா.”

“கண்ணு?”

“என்ன கண்ணு?”

“என்னா மாமா நீங்க. எங்கூட அந்த மூணு நாளும் அவளும் அதான குடிச்சா. ஒரே சொம்புல ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் குடிச்சோம். அவ கண்ண யாரு பாத்தீங்க?”

போனை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. மாடிப்படியில் கால் இடறியது நினைவிருக்கிறது. கதவைத் தட்டினேன். பதில் வருவதற்குள் திறந்தேன். யாழினி பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், ஒரு கை கோட்டுக்குள்.

“கண்ணைக் காட்டு” என்றேன்.

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் வந்து நின்று, தானே இமையை இழுத்துப் பிடித்தாள். இவ்வளவு கிட்டத்தில் அவள் முகத்தைப் பார்த்து எத்தனை வருடமாயிற்று என்று தெரியவில்லை. வெள்ளையாக இருந்தது.

“இன்னைக்குத்தான லாஸ்ட்?” என்றாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“டாக்டர் சொன்னப்போ நான் அங்கதானே இருந்தேன்.” செல்போனை எடுத்து நீட்டினாள். அதில் வரிசையாகப் படங்கள். முதல் சில படங்களில் அக்கா வீட்டு மொட்டைமாடி. பிறகு இதே ஜன்னல், இதே வெளிச்சம். இழுத்துப் பிடித்த இமை, ஒரு கண், நாளுக்கொன்று. “நாப்பத்திரண்டு இருக்கு. எண்ணிக்கோங்க.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

தலையை இல்லை என்று ஆட்டினாள்.

“ஏம்மா சொல்லல?”

“பிரியா அக்காவுக்கே நீங்க அவ்ளோ பயந்தீங்க. நானும்னு சொன்னா நீங்க என்ன ஆவீங்க?” கோட்டின் இன்னொரு கையைப் போட்டுக்கொண்டாள். “நடுவுல ஒரு நாள் மஞ்சளா இருக்கற மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு மட்டும் உங்க ரூம் வரைக்கும் வந்தேன். நீங்க போன்ல அத்தைகிட்ட பேசிட்டு இருந்தீங்க.”

கட்டிலில் உட்கார்ந்தேன். முதல் படத்திலிருந்து காட்டச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன், அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். கீழே பள்ளிப் பேருந்து வந்து நின்றது, கொஞ்ச நேரம் நின்றது, போய்விட்டது. நாங்கள் இருபத்தேழாவது படத்தில் இருந்தோம்.